பிள்ளைகளோடு ஆண்டவருக்கு முன்பாக: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த இதழுக்காக வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளை வளர்ப்பைப் பற்றியவை. கேட்டவர்களின் பெயர்களையும் அடையாளங்களையும் விலக்கி, கேள்விகளைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: எங்கள் மகளுக்கு 15 வயது. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனங்களுக்குப் பரிசு வாங்கியவள். இப்போது ஆராதனைக்கு வர மறுக்கிறாள். "நீங்கள் நம்புவதால் நானும் நம்ப வேண்டுமா? கடவுள் இருக்கிறாரா என்பதே எனக்கு நிச்சயமில்லை" என்கிறாள். அவள் தகப்பனார் கொதித்துப்போகிறார். நான் இரவெல்லாம் அழுகிறேன்.

பதில்: சகோதரி, அவள் சொன்னதைக் கேட்டு உங்கள் நெஞ்சு பதறியிருக்கும். ஆனால் அவள் அதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னாள் என்பதையும் கவனியுங்கள். எத்தனையோ பிள்ளைகள் உள்ளே ஒன்றும் இல்லாமலே வெளியே எல்லாவற்றையும் செய்துவந்து, படிப்புக்காகவோ வேலைக்காகவோ வீட்டை விட்டுப் புறப்படும் நாளில் விசுவாசத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். பெற்றோருக்கு அது பல ஆண்டுகள் கழித்தே தெரியவருகிறது. உங்கள் மகள் இன்னும் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேச்சு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதே இப்போது உங்கள் முதல் வேலை.

இயேசுவின் வளரிளம் பருவத்தைப் பற்றிச் சுவிசேஷங்கள் தரும் காட்சி ஒன்றே ஒன்றுதான். லூக்கா 2ஆம் அதிகாரத்தில், 12 வயதான அவரை மூன்று நாள் தேடியலைந்த பெற்றோர், எருசலேம் தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்கவும் அவர்களை வினாவவும் கண்டார்கள். "மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்?" என்று கேட்ட தாய்க்கு அவர் சொன்ன பதில் விளங்கவில்லை என்று லூக்கா வெளிப்படையாக எழுதுகிறார். விளங்காத அந்த வார்த்தைகளை மரியாள் தள்ளிவிடவில்லை. தன் இருதயத்திலே வைத்துக்கொண்டாள். பிள்ளையின் பேச்சு விளங்காமல் நிற்கும் பெற்றோருக்கு அந்தக் குடும்பத்தின் கதையிலேயே இடம் இருக்கிறது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9ஆம் அதிகாரத்தில் கதறிய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, அவனுடைய மகனைக் குணமாக்கினார் என்பதையும் உங்கள் கணவரோடு சேர்ந்து வாசியுங்கள்.

அடுத்ததாக, இது எப்போது, எதனால் தொடங்கியது என்று அவளிடம் அமைதியாகக் கேளுங்கள். கேட்கப்படாமற்போன ஒரு ஜெபமாக இருக்கலாம். நோய்வாய்ப்பட்ட ஒரு தோழியாக இருக்கலாம். அறிவியல் பாடத்தில் எழுந்த கேள்வியாக இருக்கலாம். சபையில் பெரியவர்கள் ஒருவரையொருவர் நடத்துகிற விதமாகவும் இருக்கலாம். அங்கே யாராவது சொல்லாலோ செயலாலோ, தகாத தொடுதலாலோ அவளைக் காயப்படுத்தியிருக்கக்கூடும் என்பதையும் மறக்காதீர்கள். அப்படியானால் அவள் ஆண்டவரை மறுக்கவில்லை, ஒரு மனிதரிடமிருந்து தப்பிக்கிறாள். அவளை உடனே நம்புங்கள், பாதுகாப்பு அளியுங்கள், சபையின் நற்பெயரை எண்ணி விஷயத்தை மூடி மறைக்காமல் சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். ஆராதனையை மட்டுமல்லாமல் நண்பர்களையும் உணவையும் உறக்கத்தையும் அவள் விட்டு விலகுகிறாள் என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வு ஒரு நோய். அதை விசுவாசக் குறைவு என்று பெயரிட்டு இன்னொரு சுமையை ஏற்றக்கூடாது.

இவை எதுவும் இல்லை, உண்மையான சந்தேகம்தான் என்றால், என் கருத்து இது. குடும்பமாக ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போவதை நீங்கள் அவளிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வாய்விட்டு ஜெபிக்கவோ, திருவிருந்தில் பங்கெடுக்கவோ, திடப்படுத்தலுக்கு, அதாவது சபை முன் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் சடங்குக்கு, பெயர் கொடுக்கவோ கட்டாயப்படுத்தாதீர்கள். உள்ளத்தில் இல்லாத விசுவாச அறிக்கையை உதட்டில் வரவழைப்பது, ஆண்டவருடைய சந்நிதியிலேயே பொய் சொல்லப் பழக்குவதாகும். வாரந்தோறும் அது போராட்டமாகவே முடிகிறது என்றால், சில மாதங்களுக்கு விட்டுவிட்டு, மீண்டும் எப்போது பேசுவது என்று அவளோடு சேர்ந்தே முடிவுசெய்யுங்கள். அவளுடைய கேள்விகளில் உங்களுக்குப் பதில் தெரியாதவற்றுக்குத் தெரியாது என்றே சொல்லுங்கள். அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த, நீங்கள் நன்கு அறிந்த, விசுவாசமுள்ள ஒரு பெண்மணி பேச்சுத் துணையாக இருந்தால் நல்லது. பெற்றோரிடம் கேட்க முடியாதவற்றைப் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்களிடம் கேட்பார்கள். அவள் தகப்பனாரோ, நம்பினாலும் நம்பாவிட்டாலும் நீ என் மகள் என்பதை வாய் திறந்து சொல்ல வேண்டும். அவருக்குள் அது இருக்கிறது என்று அவளாகவே ஊகித்துக்கொள்வாள் என எதிர்பார்க்கக் கூடாது.

கேள்வி: எட்டு வயது மகன் அடிக்கடி பொய் சொல்கிறான். "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று நீதிமொழிகள் 13:24 சொல்லும்போது, அடிக்காமல் வளர்ப்பது வேதத்துக்குக் கீழ்ப்படியாமை ஆகாதா?

பதில்: தேவபக்தியுள்ள வாசகர்கள் பலர் இதில் என்னோடு உடன்படமாட்டார்கள் என்பதை அறிந்தே எழுதுகிறேன். அந்த வசனம் பிள்ளையைத் திருத்தாமல் விடும் அலட்சியத்தைப் பகை என்கிறது. அந்தக் கண்டிப்பு இன்றும் நமக்குரியது. ஆசாரியனாகிய ஏலி, தன் குமாரராகிய ஓப்னியும் பினெகாசும் செய்த அக்கிரமத்தை ஊரார் வாயிலாகக் கேள்விப்பட்டான். அவர்களிடம் பேசவும் பேசினான். ஆனால் ஆசாரியப் பணியிலிருந்து அவர்களை விலக்கவில்லை. தன் குமாரரை அடக்காமற்போனான் என்பதே 1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தில் அவன்மேல் வந்த குற்றச்சாட்டு. அவர்களோ வளர்ந்த மனிதர்கள். அடி கொடுக்காததுதான் ஏலியின் குற்றம் என்று அந்த அதிகாரத்தை வாசிக்கும் எவரும் சொல்லமாட்டார்கள். தடுத்து நிறுத்த வேண்டியதைத் தடுத்து நிறுத்தவில்லை, அதுதான் குற்றம்.

புதிய ஏற்பாட்டில் தகப்பன்மாருக்கு வரும் கட்டளைகளைப் பாருங்கள். "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக" என்கிறது எபேசியர் 6:4. கொலோசெயர் 3:21 பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகக் கூடாது என்று எச்சரிக்கிறது. ரோமச் சட்டம் தகப்பனுக்குப் பிள்ளைகள்மேல் ஏறக்குறைய எல்லையற்ற அதிகாரம் கொடுத்திருந்த காலத்தில் எழுதப்பட்ட வரிகள் இவை. பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலைச் சொன்ன அதே மூச்சில், தகப்பனின் கோபத்துக்கும் அப்போஸ்தலன் எல்லை வகுத்தான்.

1979இல் சுவீடன், பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடைசெய்த முதல் நாடானது; அதன்பின் பல நாடுகள் அவ்வழி வந்தன. உடல் தண்டனையால் பிள்ளைகளுக்குத் தீங்குதான் விளைகிறது, பயன் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நீங்கள் வாழும் நாட்டின் சட்டம் தடுக்கிறது என்றால், ஆளும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ ஏற்பவர்களுக்கு வாதமே இல்லை. சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் அடிக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. எட்டு வயதுப் பிள்ளையின் பொய்க்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பயம். அடி அந்தப் பயத்தைக் கூட்டுகிறது. பயம் கூடக் கூட, பிள்ளை பிடிபடாமல் பொய் சொல்லத் தேறுகிறான்.

அதற்காகப் பொய்யைக் கண்டும் காணாமல் விட்டுவிடச் சொல்லவில்லை. உண்மை தெரிந்துகொண்டே "நீதானே செய்தாய்?" என்று பொறி வைத்துக் கேட்காதீர்கள். நடந்தது எனக்குத் தெரியும், இதை எப்படிச் சரிசெய்யலாம் என்று தொடங்குங்கள். உடைத்ததை ஒட்டுவது, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது, ஏமாற்றப்பட்டவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்பது ஆகியவை அடியைவிடக் கடினமானவை, அடியைவிட ஆழமாகப் பதிபவை. ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று வரி வசூலிப்பவனான சகேயு எழுந்து நின்று சொன்னது, இயேசு அவன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த பிறகுதான். கோபம் தலைக்கேறும்போது அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். ஏற்கெனவே கோபத்தில் கைநீட்டியிருந்தால், அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். மனந்திரும்புதல் என்றால் என்ன என்று அவன் அந்த நேரத்தில் கண்ணால் காண்பான்.

கேள்வி: "இயேசு பார்த்துக்கொண்டே இருக்கிறார், தப்பு செய்தால் தண்டிப்பார்" என்று வீட்டுப் பெரியவர்கள் என் நான்கு வயது மகளிடம் சொல்லிச் சொல்லி, இப்போது இரவில் விளக்கை அணைக்கவே விடமாட்டேன் என்கிறாள்.

பதில்: பெரியவர்களிடம் மரியாதையோடு, ஆனால் உறுதியாகப் பேசி இதை நிறுத்துங்கள். சாராயின் அடிமைப்பெண்ணாகிய ஆகார் வனாந்தரத்தில் தனியாய் ஓடிப்போனபோது, "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று சொன்னது நடுங்கி அல்ல. கைவிடப்பட்ட தன்னை ஒருவர் கண்டாரே என்கிற ஆறுதலில்தான். இருட்டிலும் அவர் உன்னைப் பார்க்கிறார், ஆகையால் நீ தனியாக இல்லை என்று படுக்கையில் உட்கார்ந்து சொல்லுங்கள். நம்முடைய கட்டளைகளை நிறைவேற்றித் தர ஆண்டவரைக் காவலராக நிறுத்துவது அவருடைய நாமத்தை வீணிலே வழங்குவதாகும் என்றே நான் எண்ணுகிறேன். பெற்றோர் கடவுளின் இடத்தில் நிற்பவர்கள் அல்லர். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்பாக நிற்பவர்கள். விளக்கு சில காலம் எரியட்டும்.

கேள்வி: எங்களுக்கு 2, 7, 13 வயதுகளில் மூன்று பிள்ளைகள். குடும்ப ஜெபம் தினமும் திட்டுவதிலும் அழுகையிலும் முடிகிறது. விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், சுருக்குங்கள். 10 நிமிடம் போதும். இரண்டு வயதுப் பிள்ளை ஒரு பாட்டுக்கு மட்டும் இருந்துவிட்டு விளையாடப் போகட்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு வேதாகமக் கதையை வாசித்துவிட்டு, அதை உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தவறாகச் சொன்னாலும் முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். 13 வயதுப் பிள்ளையிடம் வாசிக்கும் பொறுப்பைக் கொடுத்து, இதில் உனக்குப் பிடிக்காதது என்ன என்றும் கேளுங்கள். சபைச் சீர்திருத்தவாதியான மார்ட்டின் லூதர் 1529இல் விசுவாசத்தின் அடிப்படைகளைக் கற்பிக்கும் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டபோது, குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்கும் விதத்திலேயே அதன் பகுதிகளை அமைத்தார். கேள்வியும் சிறு பதிலுமாகச் செல்லும் அந்த முறை இன்றும் சிறுவர்களுக்கு ஒத்துவருகிறது.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம்மில் பலர் ஜெபத்துக்குள்ளேயே பிள்ளையைத் திட்டுகிறோம். "ஆண்டவரே, சொன்ன பேச்சைக் கேட்காத இவனுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று அவன் காதில் விழும்படி சொல்வது ஜெபம் அல்ல என்று அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அவனுக்காகச் சத்தமாக ஜெபிக்கும்போது நன்றி மட்டும் சொல்லுங்கள். முறையீட்டை அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு செய்யுங்கள்.

உபாகமம் 6ஆம் அதிகாரம், வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பேசச் சொல்கிறது. எல்லாப் போதனையையும் ஒரே வேளையில் திணிக்க முயல்வதால்தான் அந்த வேளை சுமையாகிறது. பயணத்தில் கேட்கும் ஒரு கேள்வி, சண்டைக்குப் பின் நடக்கும் ஒரு சமாதானம், உறங்குமுன் ஒரு நிமிட ஆசீர்வாதம் எல்லாமே அந்தக் கட்டளைக்குள் அடங்கும்.

கேள்வி: 12 வயது மகன் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான். பறித்துவிடலாமா?

பதில்: பறிப்பதற்கு முன், வீட்டில் எல்லோருக்கும் பொருந்தும் விதி ஒன்றை வையுங்கள்: இரவில் எந்தக் கைப்பேசியும் படுக்கையறைக்குள் வராது, உங்களுடையதும் வராது. ஆபாசக் காட்சிகள் அவன் தேடாமலே ஒருநாள் கண்ணில் படக்கூடும். அப்படி நேர்ந்தால் பயமில்லாமல் உங்களிடம் வரலாம் என்பதை, அது நேர்வதற்கு முன்பே அவனிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: என் கணவர் விசுவாசி அல்லர், ஆனால் நல்லவர். பிள்ளைகளை நான் ஒருத்தியாக விசுவாசத்தில் வளர்க்க முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. அப்போஸ்தலனாகிய பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் தாய் விசுவாசமுள்ள யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16:1 சொல்கிறது. அந்த வீட்டில் பாட்டியாகிய லோவிசாளும் தாயாகிய ஐனிக்கேயாளும் காத்த மாயமற்ற விசுவாசத்தைப் பவுல் பெயர் சொல்லியே நினைவுகூருகிறான். சிறுவயது முதல் தீமோத்தேயு வேத எழுத்துகளை அறிந்திருந்ததையும் சொல்கிறான். கணவரை மறைத்து எதையும் செய்யாதீர்கள். ஞாயிறு பள்ளி, ஜெபம் ஆகியவற்றைப் பற்றி அவரோடு வெளிப்படையாகப் பேசி இசைவு பெறுங்கள். "அப்பா இரட்சிக்கப்படாதவர்" என்ற பேச்சைப் பிள்ளைகள் முன் எடுக்கவே வேண்டாம். தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளைக்கு அவர் விசுவாசியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அவருடைய நேர்மைக்காகவும் உழைப்புக்காகவும் பிள்ளைகளோடு சேர்ந்து ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள்.

கேள்வி: மூத்தவன் சாது, இளையவன் முரடு. இளையவன்மேல் எனக்கு அன்பு சுரக்கவில்லையோ என்று பயமாயிருக்கிறது.

பதில்: ஏசாவைத் தகப்பனும் யாக்கோபைத் தாயும் பங்குபோட்டு நேசித்த வீடு என்ன ஆயிற்று என்பதை ஆதியாகமம் மறைக்காமல் சொல்கிறது. அந்த யாக்கோபே தகப்பனானபோது, யோசேப்புக்குப் பலவருண அங்கியைத் தைத்துக் கொடுத்து அதே தவற்றைத் தொடர்ந்தான். உங்கள் பயம் நல்ல அடையாளம். யாக்கோபுக்கு அது இருந்ததாகத் தெரியவில்லை.

அன்பு சுரக்கும்வரை காத்திராமல், நேரத்தைக் கொடுங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயாரும் 1669இல் பிறந்தவருமான சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஒன்பது பேரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். மிஞ்சியவர்களோடு, வாரத்தில் இன்ன நாள் இன்ன பிள்ளைக்கு என்று ஒதுக்கி, தனித்தனியே உட்கார்ந்து பேசினார். வியாழக்கிழமை ஜான் வெஸ்லிக்கு. அவர் வளர்ந்து பெரியவரான பின்பும் அந்த வியாழன் மாலையை ஏக்கத்தோடு நினைவுகூர்ந்து தாய்க்கு எழுதினார். சூசன்னாவின் தண்டனை முறை மிகக் கடுமையானது, அதில் நான் அவரைப் பின்பற்றச் சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஒன்றைப் பின்பற்றுங்கள். வாரத்தில் அரைமணி நேரம் இளையவனுக்கு மட்டும் கொடுங்கள். அந்த அரைமணியில் மூத்தவன் பெயரை எடுக்காதீர்கள்.

கேள்வி: 27 வயதான எங்கள் மகன் வேறு ஊரில் இருக்கிறான். விசுவாசத்தை முற்றிலும் விட்டுவிட்டான். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்று நீதிமொழிகள் 22:6 சொல்கிறது. அப்படியானால் நாங்கள் தோற்றுவிட்டோமா? வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்கிறார் என் கணவர்.

பதில்: அந்த வசனத்தை உங்களுக்கு எதிரான தீர்ப்பாக வாசிக்காதீர்கள். நீதிமொழிகள் வாழ்க்கை பொதுவாகச் செல்லும் வழியைக் காட்டும் ஞான நூல். ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதிக்கொடுத்த உத்தரவாதம் அல்ல. சாமுவேல் தீர்க்கதரிசியின் நடத்தையில் ஒருவரும் குற்றம் காணவில்லை. அப்படியிருந்தும் அவனுடைய குமாரராகிய யோவேலும் அபியாவும் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள். "பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள்" என்று ஏசாயா 1ஆம் அதிகாரத்தில் சொல்பவர் கர்த்தரே. பிள்ளை வழிவிலகிப்போன ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோரின் தவற்றைத் தேடும் சபையார் இந்த வசனத்தைக் கொஞ்சம் நிதானித்து வாசிக்க வேண்டும்.

வீட்டுக்கு வராதே என்று சொல்ல வேண்டாம். மோனிக்கா அதைச் செய்துபார்த்தார். 354இல் பிறந்து, பிற்காலத்தில் திருச்சபையின் பெரும் போதகரான அவர் மகன் அகுஸ்தீன், வாலிபத்தில் ஒளி, இருள் என்ற இரு ஆதி வல்லமைகளைப் போதித்த மணிக்கேய மார்க்கத்தில் சேர்ந்தபோது, ஒரே பந்தியில் அவரோடு அமர மனமின்றித் தாய் விலக்கிவைத்தார். பின்பு ஒரு கனவால் தேற்றப்பட்டு மீண்டும் வீட்டில் சேர்த்துக்கொண்டார். என் மகனிடம் வந்து வாதாடுங்கள் என்று ஒரு பேராயரைக் கண்ணீரோடு கெஞ்சினார். தாமும் இளமையில் மணிக்கேயராக வளர்க்கப்பட்ட அந்தப் பேராயர், இப்போது அவன் காதில் எதுவும் ஏறாது, அவனை விட்டுவிட்டு அவனுக்காக ஜெபியுங்கள், வாசித்து அவனே கண்டுகொள்வான் என்று மறுத்துவிட்டார். அகுஸ்தீன் 387இல் மிலான் நகரில், அந்நகரின் ஆயர் அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றபோது வயது 32. மோனிக்கா அதே ஆண்டில் இறந்தார். எல்லாத் தாய்மாருக்கும் அந்த நாள் கண்முன்னே வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் மோனிக்கா கெஞ்சிய அந்தப் பேராயர் சொன்ன ஒழுங்கை நீங்கள் கைக்கொள்ளலாம்: மகனிடம் ஆண்டவரைப் பற்றி வாதாடுவதைக் குறைத்து, ஆண்டவரிடம் மகனைப் பற்றிப் பேசுவதைக் கூட்டுங்கள். யோபு தன் வளர்ந்த பிள்ளைகளின் விருந்துகளைத் தடுக்கவில்லை. அதிகாலையில் எழுந்து ஒவ்வொருவருக்காகவும் பலியிட்டான்.

அடுத்த முறை அவன் தொலைபேசியில் அழைக்கும்போது, சபைக்குப் போனாயா என்று கேட்காதீர்கள். அவன் வேலையைப் பற்றியும் உடல்நலத்தைப் பற்றியும் கேளுங்கள். கடந்த காலத்தில் அவனைக் கடுமையாக நடத்திய நிகழ்வு ஏதேனும் உங்கள் மனச்சாட்சியில் உறுத்தினால், அதைமட்டும் குறிப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள். அதைச் சாக்காக வைத்து மீண்டும் சபைக்கு அழைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் மகன் தன் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்றுத்தர விரும்பவில்லை. பேரப்பிள்ளைகள் எங்களிடம் வரும்போது அவனுக்குத் தெரியாமல் சொல்லிக்கொடுக்கலாமா?

பதில்: தெரியாமல் வேண்டாம். "அப்பாவிடம் சொல்லாதே" என்று ஒரு குழந்தையிடம் சொன்னால், வேதத்தோடு ஒளிவுமறைவையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிடுவீர்கள். தன்னிடம் எதையாவது மறைக்கச் சொல்லும் பெரியவர்களைப் பிள்ளைகள் சந்தேகிக்க வேண்டிய காலம் இது. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்போம், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவோம், பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்வோம், இதற்கு உனக்குச் சம்மதமா என்று மகனிடம் நேராகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் இந்த அளவுக்குச் சம்மதிப்பார்கள். ஆலயத்துக்கு அழைத்துப்போக வேண்டாம் என்று அவன் சொன்னால், உங்களில் ஒருவர் பிள்ளைகளோடு வீட்டில் இருங்கள், மற்றவர் ஆராதனைக்குப் போய்வரட்டும். அடுத்த வாரம் மாறிக்கொள்ளுங்கள்.